ஏரிக்கரையைச் சுரண்டும் முன் எங்களையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தாம்பரம் சுற்றுவட்டார ஏரிகளில் சீரமைப்பு வேலை என்றாலே கரையை மொட்டையடித்துக் கல் பதிப்பதுதான் என்று ஆகிவிட்டது. அதைக் கண்டித்தே இந்தக் கடிதம்.

சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் பக்கம் வீட்டுத்தோட்டம் வைத்திருக்கும் சிலர் அவ்வப்போது யாராவது ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் கூடி, விதையும் நாற்றும் மாற்றிக்கொள்கிறோம். பேச்சு செடியோடு நிற்பதில்லை. எலுமிச்சை இலையைத் தின்கிற பச்சைப் புழு எந்தப் பட்டாம்பூச்சியுடையது, தேன்சிட்டு யார் வீட்டுத் துணிக்கொடியில் கூடு கட்டியிருக்கிறது, வலசை வாத்துகள் ஏரிக்கு வந்துவிட்டனவா என்று எல்லாவற்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதி வைக்கிறோம்.

அண்மையில் எங்கள் பக்கத்து ஏரி ஒன்றில் பொக்லைன் இறங்கியது. கரையோரச் சம்பும் கோரையும் வேரோடு போயின. சரிவில் கல் பதித்தார்கள்; மேலே நடைபாதையும் வரிசையாக விளக்குக் கம்பங்களும் வந்தன. ஆகாயத்தாமரையை அள்ளியதை மனமார வரவேற்கிறேன். நடைபாதையும் வேண்டியதுதான், வயதானவர்கள் காலாற நடக்க வேறு இடம் ஏது? ஆனால் தண்ணீரை மூச்சுமுட்ட வைக்கும் ஆகாயத்தாமரையும், ஏரியிலேயே பிறந்து வளர்ந்த சம்பும் ஒப்பந்தக்காரர் கண்ணுக்கு ஒரே குப்பையாகத் தெரிவதை எப்படி ஏற்பது?

நீலத் தாழைக்கோழி கூடு கட்டுவது அந்தச் சம்புப் புதருக்குள்தான். முக்குளிப்பான் தன் மிதக்கும் கூட்டை நீர்ச்செடிகளோடு பிணைத்து வைக்கும். புள்ளிமூக்கு வாத்து கரையோரப் புல்லுக்குள் தரையிலேயே முட்டையிடும். குளிர்காலத்தில் வரும் உள்ளான்கள் ஆழமில்லாத சேற்றில் நின்று இரை தேடுபவை. கரை செங்குத்தாக இறங்கினால் அவற்றுக்குக் கால் வைக்கவே இடமில்லை. களை என்று செதுக்கித் தள்ளியதில் ஆடுதீண்டாப்பாளையும் போனது. சிவப்பு உடலும் கறுப்புச் சிறகும் கொண்ட அழகிப் பட்டாம்பூச்சிகளின் புழு அந்தக் குடும்பத்துச் செடிகளைத் தவிர வேறெதையும் தின்னாது. கரையில் அந்தச் செடி இல்லாமல் போனபின் நாங்கள் மாடியில் எத்தனை பூத்தொட்டி வைத்தாலும் அந்தப் பட்டாம்பூச்சிகள் வரா. இருட்டில் இரை தேடும் வக்காவுக்கு இரவு முழுக்க எரியும் விளக்குகள் என்ன நன்மை செய்யும்?

இந்த ஏரிகள் தனித்தனிக் குட்டைகளும் அல்ல. செம்பாக்கம் ஏரியின் உபரிநீர் நன்மங்கலம் வழியாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகிறது. அந்தச் சதுப்பு நிலத்துக்கு 2022-இல், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் தகுதி கிடைத்தது. கீழே சர்வதேசத் தகுதி, மேலே பொக்லைன் என்றால் அந்தத் தகுதி எத்தனை நாளைக்கு? செம்பாக்கம் ஏரியிலேயே கேர் எர்த் அறக்கட்டளை, சென்னை ஐ.ஐ.டி. ஆகியவற்றின் துணையோடு சூழலை ஆராய்ந்து திட்டமிட்ட முன்னுதாரணம் இருக்கிறது. தெரியாமல் செய்கிறார்கள் என்று சொல்ல வழியில்லை.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும். உள்ளூர் மக்களைக் கலந்து, அங்குள்ள உயிரினங்களைப் பதிவுசெய்யும் ‘மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு’ தயாரிக்க வேண்டும். 2020 ஜனவரி 31-க்குள் இதை முடிக்கும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கெடுவும் வைத்தது. தாம்பரம் மாநகராட்சி உருவானது 2021 நவம்பரில். ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்தன. அந்தக் கெடுவின்போது தனித்தனியாக இருந்த பத்து உள்ளாட்சிகளின் பதிவேடுகளும் இப்போது எங்கே? அவற்றில் எந்த ஏரியின் எந்தப் பறவை இடம்பெற்றிருக்கிறது? எழுபது வார்டு மக்களும் பார்க்கும்படி அவற்றை வெளியிட வேண்டும். சாதாரண மக்களின் குறிப்புகளால் என்ன ஆகும் என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். 2015 முதல் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பே பொதுமக்கள் பார்த்து எழுதியதில்தான் நிற்கிறது.

இனி ஓர் ஏரியில் டெண்டர் விடும் முன், அங்கே எவை கூடு கட்டுகின்றன, எப்போது கட்டுகின்றன என்று அக்கம்பக்கத்தாரைக் கூட்டிக் கேளுங்கள். குஞ்சு பொரிக்கும் மாதங்களில் புதரைத் தொடாதீர்கள். ஒவ்வொரு ஏரியிலும் ஒரு பக்கக் கரையையாவது கல்லும் விளக்கும் இல்லாமல், சாய்வான மண்கரையாக, சம்போடும் கோரையோடும் விட்டுவையுங்கள். எங்கள் நோட்டுகளைக் கொடுக்கத் தயாராக இருக்கிறோம். மாநகராட்சியும் நீர்வளத்துறையும் அடுத்த ஏரியில் வேலை தொடங்கும் முன் எங்களை அழைக்க வேண்டும் என்று உங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வீட்டுத்தோட்டம் வளர்க்கும் வாசகி,
சேலையூர், கிழக்குத் தாம்பரம்.