"இந்த வயசுல எதுக்கு டீச்சர் சைக்கிள்?"



சிங்கப்பூருக்குக் கொண்டுபோக எந்த மடக்கு சைக்கிள் வாங்கலாம் என்று போன வாரம் இங்கே கேட்டிருந்தேன். கேட்டதற்குப் பதில் சொன்னவர்கள் சிலர். கேட்காததற்குப் பதில் சொன்னவர்கள் பலர். "இந்த வயசுல எதுக்கு டீச்சர், விழுந்து வைக்காதீங்க." "மதினி, அங்கதான் பஸ்ஸு, ரயிலு எல்லாம் இருக்கே." "வாங்குனா பிராம்ப்டன் வாங்குங்க, மத்ததெல்லாம் வேஸ்ட்." "பேட்டரி வச்சது வாங்குங்க, மிதிக்கவே வேணாம்." எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் வயது. மகளின் பேறுகாலத்துக்குப் போனபோது மூன்று மாதம் பதினொன்றாம் மாடியில் இருந்தேன். ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் யாராவது கூட்டிப்போனால்தான் வெளியே போக முடிந்தது. பஸ் இருக்கிறது, உண்மைதான். பஸ் நிறுத்தத்துக்கும் மார்க்கெட்டுக்கும் நடுவில் நடக்க வேண்டுமே! மூட்டுவலிக்காரி எனக்கு ஒரு கிலோமீட்டர் நடப்பது சிரமம். நாலு கிலோமீட்டர் மிதிப்பது சிரமமில்லை.

நம் ஊரில் ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள் விடியும் முன்பே ஜீப்புக்காகக் காத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஜீப் வராவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. அடுத்தவர் வண்டியை நம்பி நிற்பது என்னவென்று அவர்களைக் கேளுங்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது. அதைப் படித்துவிட்டுத்தான் நானும் பள்ளி மைதானத்தில் விழுந்து எழுந்து கற்றேன். பிறகு பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் கொடுத்தபோது எல்லோரும் கைதட்டினோம். பதினாறு வயதுப் பெண்ணுக்கு நல்லது, அறுபது வயதுப் பெண்ணுக்கு மட்டும் எப்படி ஆபத்தாகும்?

அடுத்து பிராம்ப்டன். நல்ல சைக்கிள்தான், மறுக்கவில்லை. மடித்தால் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினாலும் 158 சென்டிமீட்டருக்குள் அடங்கும். பல விமானங்களில் சாதாரண லக்கேஜுக்கு அதுதான் அளவு. ஆனால் விலை லட்சத்தைத் தாண்டுகிறது. அதை மார்க்கெட் வாசலில் நிறுத்திவிட்டு எந்த நிம்மதியில் கீரை வாங்குவது? தொலைந்துவிடும் என்று வீட்டுக்குள்ளேயே வைப்பதற்கு சைக்கிள் எதற்கு?

இன்னொன்று டயர். டயரின் பக்கவாட்டைப் பாருங்கள், 47-406 என்பதுபோல அச்சடித்திருக்கும். இரண்டாவது எண்தான் ரிம் அளவு, மில்லிமீட்டரில். பிராம்ப்டன் டயர் 349. நம் ஊர்க் கடையில் கிடைக்கும் 16 இஞ்ச் குழந்தை சைக்கிள் டயர் 305. இரண்டையும் 16 இஞ்ச் என்றே சொல்வார்கள்; ஒன்று மற்றதில் ஏறாது. நான் சிங்கப்பூரில் இருக்கப்போவது மூன்று மாதம். மீதி ஒன்பது மாதம் போடியில்தான். இங்கே டயர் கிடைக்காத சைக்கிள் எனக்கு வேண்டாம்.

பேட்டரி கட்சிக்கு: 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் கொண்டுபோக முடியாது. மின்சைக்கிள் பேட்டரிகள் பெரும்பாலும் அதைத் தாண்டும். சிங்கப்பூரில் அதைப் பதிவு செய்ய வேண்டும், ஓட்டுபவர் தேர்வும் எழுத வேண்டும், நடைபாதையில் ஓட்டவும் கூடாது. சாதாரண சைக்கிளை நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓட்டலாம். என் வேகமே அவ்வளவுதான். சாலையில் இறங்கினால் ஹெல்மெட் கட்டாயம்; போட்டுக்கொள்கிறேன்.

ஆகவே என் முடிவு: 20 இஞ்ச் சக்கரம், 406 ரிம். 20 இஞ்சிலேயே 451 என்று இன்னொன்று உண்டு, ஏமாறாதீர்கள். ஆறு அல்லது ஏழு கியர். நடுக்கம்பி தாழ்வாக இருப்பதால் சேலையோடு ஏறலாம்; செயின் கார்டு மட்டும் இருக்க வேண்டும். சிங்கப்பூர் ரயிலில் 120-க்கு 70-க்கு 40 சென்டிமீட்டர் வரை மடித்த சைக்கிளை ஏற்றலாம். இது மடித்தால் சுமார் 80-க்கு 65-க்கு 35, தாராளமாக அடங்கும். விமானத்தின் 158-க்கு மட்டும் கொஞ்சம் கூடுதல். பல நிறுவனங்கள் சைக்கிளை விளையாட்டுச் சாமானாக ஏற்கின்றன. டிக்கெட் எடுக்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுவேன்.

வாங்கும் முன் முந்தல் ரோட்டில் ஓட்டிப் பார்க்கப்போகிறேன். போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவும் ஏற மாட்டேன், பயப்படாதீர்கள். ஏற்றத்தில் மடிப்புக் கீல் ஆடுகிறதா, இறக்கத்தில் பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்தால் போதும். சின்னச் சக்கரத்தில் ரிம்மைப் பிடிக்கும் பிரேக், நீண்ட இறக்கத்தில் சீக்கிரம் சூடேறும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, அம்மாவை அழைக்கும்போது டிக்கெட்டோடு சேர்த்து ஒன்று கேளுங்கள்: "அம்மா, இங்க வந்தா தனியா எங்கெங்க போகணும்?" உங்கள் அம்மாவும் பதில் வைத்திருப்பாள். யாரும் கேட்காததால் சொல்லாமல் இருக்கிறாள்.

மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள். வயதைப் பற்றி மட்டும் வேண்டாம். ஞாயிறு காலை ஆறு மணிக்கு முந்தல் ரோட்டில் இருப்பேன். பம்பு வைத்திருப்பவர் யாராவது வந்தால் நல்லது.