தப்பான கால்வாயும் நிஜமான ராக்கெட்டும்

"செவ்வாய்ல ஆளுங்க இருக்காங்களா?"ன்னு பிள்ளைங்க கேட்டா, "போய்ப் படிக்கிற வேலையைப் பாரு"ன்னு விரட்டாதீங்க மக்களே.

1877-ல் இத்தாலிக்காரர் ஸ்கியாபரெல்லி செவ்வாயில் கோடுகளைப் பார்த்தார். அவை அங்குள்ளவர்கள் வெட்டிய கால்வாய்கள்தான்னு அமெரிக்கரான லோவல் அடிச்சுச் சொன்னார். அந்தப் பரபரப்பு ஓயுறதுக்குள்ள, செவ்வாய்க்காரங்க பூமி மேல படையெடுக்கிற நாவலை ஹெச்.ஜி.வெல்ஸ் எழுதினார். 1898-ல் அதைப் படிச்சுக் கிறங்கிப்போன பையன் ராபர்ட் கோடார்ட், 1926-ல் உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டை ஏவினார். 1965-ல் மரைனர் 4 விண்கலம் அனுப்பிய படங்கள்ல கால்வாயே இல்லை, வெறும் பள்ளங்கள்தான்.

கற்பனை பொய்யாப் போச்சு. ஆனா அதைப் பொய்னு காட்டின பயணத்துக்கு விதை போட்டதும் அதே கற்பனைதான். பதில் தெரியலையா? "வா, தேடிப் பாப்போம்"னு சொல்லுங்க. அது போதும்.