பெயின்ட் மாறிடுச்சு, காலண்டர் மாறல

மார்கழி பிறந்துட்டா மூலக்குளத்துல எங்க தெருவுல ரெண்டு சத்தம் கண்டிப்பா கேட்கும். விடியற்காலையில கோயில் ஸ்பீக்கர். ஒன்பது மணிக்கு மேல, சுவரைச் சுரண்டுற பட்டித் தகட்டோட சத்தம். பொங்கலுக்குள்ள பெயின்ட் அடிச்சு முடிச்சாகணும். எல்லா வீட்டுக்கும் அதே பத்து நாள்தான் வேணும் என்பதால் பெயின்டர் அண்ணன்கள் மூணு வீட்டு வேலையை ஒண்ணா எடுத்துக்கிட்டு ஓடுவாங்க.

2025 பொங்கலுக்கு எங்க வீட்டிலும் இதே கதைதான். அக்காவுக்குத் தலைப்பொங்கல். மாமா வீட்டுல இருந்து எல்லாரும் முதல் தடவையா வர்றாங்க. ஹால்ல மேற்குச் சுவர்ல பெரிய ஈரத்திட்டு. "வர்றவங்க என்ன நினைப்பாங்க?" என்று அம்மா கேட்டதும் பேச்சு முடிஞ்சது. சுரண்டி, பட்டி பார்த்து, ரெண்டு கோட் எமல்ஷன். பொங்கல் அன்னைக்கு ஹால் ஷோரூம் மாதிரி இருந்துச்சு. எல்லாரும் பாராட்டினாங்க.

மார்ச் மாசம் அதே இடத்துல பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கிடுச்சு. விரலால தொட்டா உதிருது, உள்ளே வெள்ளையா உப்பு. அப்பா பெயின்டரைத் திட்டினார். பெயின்டர் பெயின்ட்டைக் குறை சொன்னார். என்னைக் கேட்டா தப்பு தேதியிலதான் இருக்கு.

நம்ம ஊருக்குப் பெரிய மழை அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவக்காற்றில்தான் கிடைக்குது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்தப்ப, 24 மணி நேரத்துல 46 சென்டிமீட்டருக்கு மேல மழை கொட்டியது. அன்னையிலிருந்து பொங்கலுக்கு 45 நாள்தான். அவ்வளவு தண்ணி குடிச்ச ஒன்பது இன்ச் செங்கல் சுவர், மார்கழிப் பனியில எப்படிக் காயும்? வருஷத்திலேயே சுவர் ரொம்ப ஈரமா இருக்கிற நேரம் பார்த்துத்தான் நாம பெயின்ட் அடிக்கிறோம்.

அப்போ நம்ம முன்னோர்கள் முட்டாள்களா? இல்லை. அவங்க அடிச்சது சுண்ணாம்பு.

பாட்டி வீட்டுல போகிக்கு முன்னாடி டிரம்மில் சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணி ஊத்துவாங்க. கொதிச்சு அடங்கினதும் வடிகட்டி, கொஞ்சம் நீலமும் வஜ்ரமும் கலந்து மட்டையால அடிப்பாங்க. முதல் வருஷ கெமிஸ்ட்ரி ஞாபகம் இருக்கா? நீத்த சுண்ணாம்பு கால்சியம் ஹைட்ராக்சைடு. அது காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடை இழுத்து கால்சியம் கார்பனேட்டா, அதாவது மறுபடி கல்லா மாறுது. இந்த வினை நடக்கவே கொஞ்சம் ஈரம் வேணும். நுண்துளைகள் இருப்பதால் சுவர்ல உள்ள ஈரம் அதன் வழியா ஆவியாகி வெளியே போயிடும். காரத்தன்மை அதிகம், பூஞ்சையும் சுலபமா வராது. ஆக மழை முடிஞ்ச கையோட சுண்ணாம்பு அடிக்கிறது சரியான வேலைதான்.

எமல்ஷன் அப்படி இல்லை. அது காய்ந்ததும் பிளாஸ்டிக் படலம். ஈரம் அவ்வளவு வேகமா வெளியே வர முடியாது. செங்கல்ல இருக்கிற உப்பு தண்ணியோட சேர்ந்து வந்து, படலத்துக்குப் பின்னாடி படிகமாகி, அதைத் தள்ளுது. எங்க ஹால்ல நடந்தது இதுதான். பொருளை மாத்தினோம், தேதியை மாத்த மறந்துட்டோம்.

காசு போனது ஒரு பக்கம். எனக்கு இன்னும் உறுத்துற விஷயம் வேற. அந்த அவசரத்துல பழைய ஜன்னல் கம்பி, கதவோட எனாமல் பெயின்ட்டையும் எமரி ஷீட் போட்டுக் காயக் காயத் தேய்ச்சாங்க. வீடு பூரா தூசி. அதே தரையில எங்க சித்தப்பாவோட ரெண்டு வயசுப் பையன் விளையாடிட்டு இருந்தான். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல இருக்கக் கூடாதுன்னு இந்தியாவில் விதி வந்தது 2016ல், அமலானது 2017 நவம்பர்ல. அதுக்கு முன்னாடி அடிச்ச எனாமலில் அதைவிடப் பல மடங்கு இருக்கலாம். ஈயம் குழந்தைகளோட மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இந்த அளவு வரைக்கும் பரவாயில்லைன்னு சொல்ல ஒரு அளவே இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. தேய்ச்ச அண்ணனும் மாஸ்க் போடலை. நாங்களும் கொடுக்கலை. விருந்தாளிக்கு வீடு அழகா இருக்கணும்னு யோசிச்ச நாங்க, அந்த ரெண்டு பேரைப் பத்தி யோசிக்கலை.

"பொங்கல்தானே நமக்குத் தீபாவளி மாதிரி, அப்பதானே நாலு பேர் வருவாங்க" என்பது அம்மாவின் வாதம். அது தப்புன்னு சொல்ல மாட்டேன். வர்றவங்களுக்கு வீட்டைச் சுத்தமா வைக்கிறது மரியாதை. ஆனா மரியாதைக்கு ஒட்டடை அடிச்சு, சுவரைத் துடைச்சு, வாசல்ல பெரிய கோலம் போட்டா போதாதா? ஈரத்திட்டைப் பார்த்துட்டுப் போற சொந்தக்காரங்க திரும்ப வராமலா இருப்பாங்க?

இந்த வருஷம் நான் வீட்டில் சொன்னது இதுதான். பொங்கலுக்குப் பெயின்ட் வேண்டாம். முதல்ல மொட்டை மாடி விரிசலையும், மழைத்தண்ணி இறங்குற குழாயையும் சரி பண்ணுவோம். சித்திரை வெயில் சுவரைக் காய வைக்கட்டும். ஒரு அடிக்கு ஒரு அடி பாலித்தீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவர்ல ஒட்டி ஒரு நாள் விடணும். உள்பக்கம் தண்ணி முத்து முத்தா நின்னா இன்னும் காயலைன்னு அர்த்தம். காய்ந்த பிறகு பெயின்ட். பழைய எனாமலைத் தண்ணி தொட்டுத் தேய்க்கணும், பெயின்டருக்கு மாஸ்க் நாம வாங்கித் தரணும், சின்னப் பசங்க அந்த ரெண்டு நாள் பாட்டி வீட்டுல. ஒருவேளை பொங்கலுக்கே வெள்ளை அடிக்கணும்னா, பழையபடி சுண்ணாம்பு அடிக்கலாம். ஆனா அது எமல்ஷன் மேல ஒட்டாது, பூச்சு வரைக்கும் சுரண்டணும்.

அம்மா இன்னும் முழுசா ஒத்துக்கலை. மேற்குச் சுவர் மேல ஒரு காலண்டரை மாட்டி வச்சிருக்காங்க. ஈரத்திட்டுல பாதிதான் மறையுது. அக்காகிட்ட போன்ல சொன்னேன், சிரிச்சாள். இந்தப் பொங்கலுக்கும் எல்லாரும் வர்றாங்களாம்.