தருமகர்த்தா என்னும் பெயர்

பிறர்பொருட்டு நின்று வினைசெய்வார்க்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் பல. தூதன், முகவன், காரியக்காரன் என்பன நாம் நெடுங்காலமாக வழங்குவன. வக்கீல், குமாஸ்தா என்பன அரபும் பாரசீகமும் தந்தன. இவற்றுள் எதனை எடுத்து நோக்கினும் ஒன்று தெளிவாம். பெயரைக் கேட்ட மாத்திரத்தே அவருக்குப் பின்னே வேறொருவர் உளர் என்பது விளங்கும். தூதன் என்றவழி விடுத்தவர் யாவர் என வினவுவர். வக்கீல் என்றவழிக் கட்சிக்காரர் யாவர் என வினவுவர். சிவாலய நிருவாகஞ் செய்வார்க்கு ஊர்தோறும் வழங்கும் பெயரோ இம்முறைக்கு மாறாயது. தருமகர்த்தா என்றவழி, யார்பொருட்டு என்னும் வினா எழுவதேயில்லை. அவ்வினா எழாமையே அப்பெயரின் குற்றம்.

கர்த்தா என்பது சைவ சித்தாந்திகளுக்கு வரைவின்றி வழங்கும் சொல்லன்று. மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணன் என்னும் உவமையைச் சித்தாந்தம் கற்கத் தொடங்கும் மாணவனும் அறிவான். உலகிற்கு அந்நிமித்தகாரணனாய முதல்வனே கர்த்தா. சிவாலயத்தில் அவன் கருவறையில் எழுந்தருளியிருக்கின்றான். கணக்கறையில் மற்றொரு கர்த்தா நாற்காலியிட்டு அமர்தல் எங்ஙனம்?

‘கர்த்தா என்பதற்குச் செய்வோன் என்பதே பொருள்; கூட்டுக்குடும்பத் தலைவனையும் சட்டம் கர்த்தா என்றே கூறும்; அவனும் பிறர்பொருட்டுச் சொத்தை ஆள்பவனே; ஆதலின் இழுக்கென்னை?’ என்பார் உளர். இவ்வுவமை அவர்க்கே மாறாய் முடியும். கூட்டுக்குடும்பக் கர்த்தாவுக்கு அச்சொத்தில் தனக்கென ஒரு பங்குண்டு. பாகப்பிரிவினை நேரின் அதனைப் பெறுவான். ஆலய நிருவாகிக்குச் சிவன்சொத்தில் உள்ள பங்கு யாது? ஒரு மணி நெல்லும் இல்லை. பங்குடையான் பெயரைப் பங்கில்லாதவனுக்கு இடுதல், இல்லாத பங்கை உள்ளதாக நினைத்தற்கு வாயில் திறந்துவிடுவதேயாம்.

பெயர் யாதாயினும் செயல் செம்மையாயின் அமையாதோ என்பர் வேறு சிலர். அமையும் என்று முன்னோர் கருதினாரல்லர். சோழர் காலத்துச் சிவாலயக் கல்வெட்டுக்களைக் கற்றார் இதனை நன்கறிவர். நிலம் விற்றார், விலைகொண்டார், காசு கொடுத்தார் என வருமிடங்கள் பலவற்றில் கோயிலின்பொருட்டு நிற்பவர் சண்டேசுவரரே. தஞ்சை இராசராசேச்சரத்தில் ஊரார்க்குப் பொலிசைக்குக் கொடுத்த காசும் ஆதிசண்டேசுவரர் பெயரானே கொடுக்கப்பட்டது. காசை எண்ணியவரும் ஓலை எழுதியவரும் மனிதரே என்பதில் ஐயமில்லை. அம்மனிதர்க்கு வழங்கிய பெயர்கள் யாவை? தேவகன்மிகள், ஸ்ரீகாரியஞ் செய்வார் என்பன. தேவனுடைய கருமத்தைச் செய்வார் என்னும் பொருள் அப்பெயரிலேயே உளது. தருமத்தைக் காக்கும் பொறுப்போ பன்மாகேசுவரர்க்கு, அஃதாவது அடியார் திருக்கூட்டத்துக்கு, விடப்பட்டது. ஆகவே பத்திரத்தில் முன்னிற்பவரும் ஒரு தொண்டர். அவர்பின் நின்ற மனிதரோ அத்தொண்டர்க்கும் பின்னிற்பவர்.

அந்நிலைக்குச் சண்டேசரே உரியராயது ஏன்? சேய்ஞலூரில் ஊராருடைய பசுக்களை மேய்க்கும் பொறுப்பைத் தாமே விரும்பி ஏற்றவர் அவர். பசுக்கள் தாமே பொழிந்த பாலை மண்ணியாற்று மணலில் அமைத்த இலிங்கத்துக்கு ஆட்டினார். உரியவர் மனைகளிற் பால் குறைந்திலது என்பது பெரியபுராணம். பிறர் பொருளைத் தம் கையிற் கொண்டும், அவர்க்குக் குறைவு வாராமற் காத்து, தமக்கென ஒரு துளியும் கொள்ளாதவர்க்கே இறைவன் தொண்டர் தலைமையை ஈந்தான். அவர் சந்நிதியில் அன்பர்கள் கைதட்டிச் செல்வது, சிவன்சொத்து எதனையும் கொண்டு போகவில்லை என்று காட்டற்பொருட்டு என முதியோர் கூறுவர். அவ்வாறு ஓசைசெய்தல் முறையன்று என்பாரும் உளர், அது நிற்க. கைதட்டிச் செல்வோர் பெரும்பாலும் வெறுங்கையரே. தட்டிக் காட்டவேண்டியவர் அப்பக்கம் வருவதில்லை.

இனிச் சட்டத்தின் வழி நோக்குவோம். 1817ஆம் ஆண்டின் ஒழுங்குச் சட்டத்தால் சென்னை மாகாணக் கோயிற் சொத்துக்களின் மேற்பார்வையை ஏற்ற கும்பினி அரசு, பின்னர் அப்பொறுப்பை நெகிழவிட்டது. 1863ஆம் ஆண்டின் 20ஆம் சட்டமோ டிரஸ்டி, மேனேஜர், சூப்பரின்டெண்டென்ட் என மூன்று பெயர்களை அடுக்கி வைத்தது. ஆங்கிலச் சட்டத்தில் டிரஸ்டி என்பான் சொத்தின் சட்டவுரிமையைத் தன்பால் உடையவன், பயன்மட்டுமே பிறர்க்காம். சிவாலயத்திலோ உரிமையும் தெய்வத்தினுடையதே. மடாதிபதியோ ஆலய மேற்பார்வையாளரோ ஆங்கிலேயர் கூறும் டிரஸ்டி ஆகார், சொத்து அவர்பால் சேர்வதன்று என்று 1921இல் இலண்டன் பிரிவி கவுன்சில் கூறிற்று. ஒரு நூற்றாண்டு கழிந்து, 2021இல், மத்தியப்பிரதேசத்துக் கோயில் நிலங்களைப் பற்றிய வழக்கொன்றில், நிலவரிப் பதிவேட்டில் உடைமையாளர் பெயராகத் தெய்வத்தின் பெயரே இருத்தல் வேண்டும், பூசகர் பெயர் வேண்டா என்று உச்சநீதிமன்றம் மீண்டும் கூறவேண்டியதாயிற்று. பழைய கற்றச்சர் உளிகொண்டு தெளிவாக வெட்டிவைத்ததை அறிய இத்தனை வழக்குகள்!

அரசினர் தமிழில் இப்பொழுது வழங்குவது அறங்காவலர் என்பது. தருமகர்த்தாவை நோக்க இது நன்று. ஆயினும் காவலன் என்பது பழைய நூல்களில் அரசனுக்குப் பெயர் என்பதை மறத்தலாகாது. அப்பொருள் சிலர் உள்ளத்தில் விழித்துக்கொள்ளுதலும் உண்டு. அறங்காவலர் இல்லாதவிடத்து அமர்த்தப்படுவார்க்குத் தக்கார் என்று பெயர். தகுதியைப் பிறர் கூறல் வேண்டும். பெயர்ப்பலகை கூறல் விந்தையே. எவ்வாறாயினும் 1959ஆம் ஆண்டின் 22ஆம் சட்டம், எப்பெயரால் வழங்கப்படினும் நிருவாகம் உடையவர் ஒருவரே எனக் கொண்டு சென்றது. ஊரவரோ அழைப்பிதழிலும் குடமுழுக்குக் கல்லிலும் தருமகர்த்தா என்பதை விட்டாரல்லர். சுவாமி திருநாமத்தினும் பெரிய எழுத்தில் அப்பெயர் வெட்டிய கற்களைக் காண்பது அரிதன்று.

ஏவல்செய்வார் பெயர் தம் மதிப்புக்குக் குறைவென்று கருதும் நிருவாகிகள் திருவாரூரை நினைக்க. சுந்தரர்பொருட்டுப் பரவையார் மனைக்கு ஓரிரவில் இருமுறை நடந்தவர் யாவர்? முதன்முறை தம்மைப் பூசிக்கும் ஆதிசைவர் வடிவில் சென்றார், பரவையார் மறுத்தனர், மறுத்த சொல்லைச் சுமந்து மீண்டு, மறுபடியும் சென்றார். மெய்யாய கர்த்தா தூதன் தொழிலைச் செய்து தூதன் என்னும் பெயரையும் ஏற்றான். அவன் நெல்லை அளந்து கணக்கெழுதுவார்க்கு மட்டும் கர்த்தா என்னும் பெயர் வேண்டியதோ?

இனி வெட்டும் கற்களிலேனும் தருமகர்த்தா என்பதை விடுத்துத் திருக்கோயிற் காரியஞ் செய்வார் என்று வெட்டுக. எழுத்து மிகுதலாற் கற்றச்சர் கூலி சிறிது மிகும். அதனை அவர் தம் கைப்பொருளினின்றே கொடுக்க.