குறை யாருடையது?

"இக்காலத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பில் கருத்தில்லை, உழைப்பில் நாட்டமில்லை, பெரியோரிடத்தில் மரியாதையில்லை." இம்மூன்று குறைகளும் இன்று நம் நாட்டில் கேட்கப்படாத ஊர் இல்லை. விருத்தாசலத்தில் அவை சற்று உரக்கவே கேட்கின்றன. பழமலை என்றும் முதுகுன்றம் என்றும் முதுமையையே பெயராகக் கொண்ட அவ்வூரில், இளமையைப் பற்றிய வழக்கு நடப்பது பொருத்தமே. பீங்கான் தொழிலுக்குப் பேர் பெற்ற அவ்வூரில், பட்டறைக்காரர் வேலைக்குப் பையன்கள் வருவதில்லை என்கிறார். உபாத்தியாயர் வகுப்பில் சொல்வது காதில் ஏறுவதில்லை என்கிறார். தகப்பனார் மகன் கையிலிருக்கும் போனை விட்டுத் தலை நிமிர்வதில்லை என்கிறார். இவ்வழக்கைத் தக்கபடி விசாரிப்பது நம் கடமையென்று கருதுகிறோம். வாதியின் பேச்சை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது எந்த நியாயஸ்தலத்திலும் வழக்கமன்று.

இளைஞர் கெட்டுவிட்டனர் என்ற புலம்பல் புதியதன்று என்பதை முதலில் குறிப்பிட வேண்டும். 1920-21-ம் வருஷங்களில் ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பைக் கேட்டுக் கல்லூரியை விட்டு வெளியேறிய மாணவர்களையும் பெரியோர் பலர் 'உருப்படாதவர்கள்' என்றே ஏசினர். அப்படி ஏசப்பட்டவர்களின் தியாகத்தைத்தான் நாம் இன்று மேடைதோறும் போற்றுகிறோம். ஆயினும், பழைய புலம்பல் என்பதனாலேயே அது பொய்யாகிவிடாது. இம்முறை குறையில் எவ்வளவு வாஸ்தவம் இருக்கிறது என்பதைத் தனித்தனியே பார்ப்போம்.

முதலாவது, கல்வி. பள்ளிக்குப் பிள்ளைகள் வரவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. 2021-22-ம் ஆண்டுக்குரிய மத்திய சர்க்காரின் உயர்கல்விக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் அந்த வயதுக்குரியோரில் உயர்கல்விச் சேர்க்கை நூற்றுக்கு 47. தேசம் முழுவதற்கும் அது 28-ஐ ஒட்டியே நிற்கிறது. இது நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் சேர்க்கை வேறு, கற்றல் வேறு. 2023-ல் நடந்த 'ஏசர்' ஆய்வு, இந்தியக் கிராமங்களிலுள்ள 14 முதல் 18 வயது வரையிலான இளைஞரைச் சோதித்தது. நால்வரில் ஒருவரால் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தம் தாய்பாஷையில் தடையின்றி வாசிக்க முடியவில்லை. மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கப் பாதிப்பேருக்கு மேல் இயலவில்லை. அதற்கு முன் 2022-ல் நடந்த ஆய்வில், நம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக் கூடியவர்கள் நூற்றுக்கு ஐவர்கூட இல்லை. 2018-ல் அது பத்தாக இருந்தது.

இந்த வீழ்ச்சிக்கு அந்தப் பிள்ளைகளா காரணம்? 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ம் தேதிதான் திறந்தன. ஏறக்குறைய பத்தொன்பது மாதம் குழந்தைகள் எழுத்தின் முகத்தையே காணவில்லை. 2020-ல் பத்தாம் வகுப்பினர் பரீக்ஷையின்றியே தேறினர். 2021-ல் பிளஸ் டூ பரீக்ஷையும் நடக்கவில்லை. கொள்ளை நோயின் காலத்தில் வேறு வழியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். அதன் பின் சர்க்கார் 'இல்லம் தேடிக் கல்வி', 'எண்ணும் எழுத்தும்' ஆகிய திட்டங்களைத் தொடங்கியதையும் மறுக்கவில்லை. ஆயினும் ஒன்றைக் கேட்கிறோம். பிள்ளை வாசிக்கிறானா என்று அறியாமலே அவனை வருஷந்தோறும் மேல்வகுப்புக்கு ஏற்றி அனுப்பியது யார்? மார்க்கை மட்டும் கேட்டு, என்ன படித்தாய் என்று ஒருநாளும் கேளாத பெற்றோர் யார்? ஏணியின் படிகளை எடுத்துவிட்டு, ஏறத் தெரியவில்லையே என்று கடிந்துகொள்வது நீதியாகுமா?

இரண்டாவது, உழைப்பு. விருத்தாசலத்தின் தொழிலையே எடுத்துக்கொள்வோம். வெண்களிமண்ணை அரைத்துக் கூழாக்கி, பிளாஸ்டர் அச்சில் வார்த்து, பக்குவமாக உலர்த்தி, சுட்டு, மெருகுக் கரைசலில் தோய்த்து, மறுபடி ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் வைத்தெடுத்தால்தான் ஒரு பொம்மையோ ஜாடியோ மின்சாரக் கட்டைக்குரிய பீங்கானோ உண்டாகும். ஈரம் மிஞ்சினால் வெடிக்கும்; அவசரப்பட்டால் கோணும். இவ்வளவு பொறுமையும் நுட்பமும் வேண்டும் ஒரு தொழிலுக்கு உள்ளூர் இளைஞர் வருவதில்லை என்பது குறை. அதைச் சொல்வோர் ஒரு கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். வருகிறவனுக்கு நாம் கொடுப்பது என்ன? நாட்கூலியா, மாதச் சம்பளமா? அடுத்த மாதம் வேலை உண்டு என்ற உறுதி உண்டா? பத்து வருஷம் கைதேர்ந்த பின் அவன் பெயருக்கு முன் எவரேனும் ஒரு மரியாதைச் சொல் சேர்க்கிறார்களா? சீனத்துப் பொம்மை கடைத்தெருவை நிரப்புகிறது. பீங்கான் பியூஸ் கட்டை இருந்த இடத்தில் தானே அணையும் பிளாஸ்டிக் சுவிட்சு வந்துவிட்டது. தொழிலின் நாளை என்னவென்று முதலாளிக்கே தெரியாதபோது, பதினெட்டு வயதுப் பையன் அதில் தன் ஆயுளை எப்படி ஈடு வைப்பான்?

உழைக்க அஞ்சுகிறார்கள் என்பதும் முற்றிலும் மெய்யன்று. 2022-ல் குரூப் நான்கு உத்தியோகங்களுக்குத் தேர்வாணையம் அறிவித்த இடங்கள் 7,301. மனுச் செய்தவர்களோ ஏறத்தாழ 22 லட்சம் பேர். பத்தாம் வகுப்புத் தேறினால் போதும் என்ற வேலைக்குப் பட்டதாரிகளும் வருஷக்கணக்கில் நூல்நிலையங்களில் உட்கார்ந்து படிக்கிறார்கள். இது சோம்பலா? அல்ல. உழைப்பு தவறான வாசலில் காத்துக்கிடக்கிறது என்பதே உண்மை. நிலையான சம்பளமும் சமூகத்தில் மதிப்பும் சர்க்கார் நாற்காலியில் மட்டுமே உண்டு என்று அவர்களுக்குப் போதித்தவர்கள் நாமே.

கைத்தொழிலை இளைஞர் வெறுப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 1937-ல் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தியடிகள், கைத்தொழிலின் வழியாகவே கல்வி புகட்ட வேண்டும் என்ற ஆதாரக் கல்வித் திட்டத்தை முன்வைத்தார். 1953-ல் ராஜாஜி மந்திரிசபை கொண்டுவந்த திட்டமோ, பள்ளி நேரத்தைச் சுருக்கி, மிச்ச வேளையில் பிள்ளைகள் குடும்பத் தொழிலைக் கற்கலாம் என்றது. குயவன் மகன் குயவனாகவே இருக்கச் செய்யும் குலக்கல்வி இது என்று நாடு கொதித்தது; 1954-ல் காமராஜர் பதவியேற்றதும் அது கைவிடப்பட்டது. மத்திய சர்க்காரின் விசுவகர்மா திட்டத்தை 2024 நவம்பரில் தமிழ்நாட்டு முதலமைச்சர் ஏற்க மறுத்ததும் ஏறக்குறைய இதே அச்சத்தினால்தான். இந்த அச்சம் வீணானதென்று நாம் கூறோம். எந்த மண்ணைத் தொட்டதற்காகப் பாட்டனைத் திண்ணையில் ஏறவிடாமல் நிறுத்தினோமோ, அந்த மண்ணைப் பேரன் தொட மறுக்கிறான். அவன் உழைப்பை விட்டு ஓடவில்லை. அவமதிப்பை விட்டு ஓடுகிறான். ஆகவே கைத்தொழிலைப் பிறப்போடு கட்டாமல், எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் பொதுக் கல்வியாக்கினாலன்றி அதற்கு மதிப்பு வராது. வக்கீல் வீட்டுப் பிள்ளையும் ஒருநாள் களிமண்ணில் கை வைக்கட்டும். பிறகு குயவர் வீட்டுப் பிள்ளையைக் குறை சொல்வோம்.

மூன்றாவது, ஒழுக்கம். இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்தறிதல் அவசியம். பெரிய மனிதர் வரக் கண்டால் துண்டை இடுப்பில் கட்டுவதும், எதிர்க்கேள்வி கேளாமல் ஒதுங்கி நிற்பதுமே மரியாதை என்றால், அது ஒழிந்தது நன்றே. அது மரியாதையன்று, அடிமைத்தனம். ஆனால் வேறொரு வீழ்ச்சி மெய்யாகவே நேர்ந்திருக்கிறது. 2023 ஆகஸ்டு மாதத்தில் நாங்குநேரியில், நன்றாகப் படித்த ஒரு தலித் மாணவரை உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். செய்தி கேட்டு நாடே தலை குனிந்தது. சர்க்கார் அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், ஜாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் அணியலாகாது என்று சிபார்சு செய்தது. அந்தக் கயிற்றைப் பையன் தானாகவா கண்டுபிடித்தான்? வீட்டில் கேட்ட பேச்சும், தெருவில் பறந்த கொடியும், ஊர்த் தலைவரின் பிரசங்கமுமே அவன் மணிக்கட்டில் முறுக்கேறி நிற்கின்றன. வெட்டுண்ட மாணவரோ அடுத்த வருஷமே பிளஸ் டூ பரீக்ஷை எழுதித் தேறினார். இக்காலத்து இளைஞர் என்று பேசுவோர் அந்த ஒருவரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

இன்னும் ஒன்று. 1937 அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு அமுலாயிற்று. அதே தமிழ்நாட்டில் 2003 முதல் சர்க்காரே சில்லறை மதுக்கடை நடத்துகிறது. 2023-24-ல் அதன் வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். தகப்பன் தள்ளாடி வீடு திரும்புவதைத் தினமும் பார்க்கும் பையனுக்கு ஒழுக்கத்தைப் பற்றி யார் பிரசங்கம் செய்வது? எந்த வாயால் செய்வது?

அரசியல் ஊழியர்களான நம் நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. கூட்டத்துக்கு ஆள் வேண்டும்போது இளைஞரை லாரியில் ஏற்றுகிறோம்; கொடி கட்டவும் கோஷம் போடவும் கற்பிக்கிறோம்; தலைவரின் படத்துக்குப் பாலூற்றினால் தட்டிக் கொடுக்கிறோம். அவனை ஒரு புத்தகம் படிக்கச் சொன்னவர் நம்மில் எத்தனை பேர்? ஒரு பட்ஜெட்டை விளக்கினவர் எத்தனை பேர்? கட்சி ஆபீஸில் எதிர்க்கட்சிக்காரனை நாம் ஏசும் பாஷையைத்தான் அவன் வகுப்பில் உபாத்தியாயரிடம் பேசுகிறான்.

இவ்வளவு சொன்னதனால் இளைஞரிடம் குறையே இல்லை என்று நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. விருத்தாசலத்துப் பட்டறையில் ஒரு ஜாடி சூளையில் வெடித்தால், கைதேர்ந்த தொழிலாளி மண்ணைத் திட்டுவதில்லை; கலவையில் பிழையா, உலர்த்தியதில் பிழையா, தீயில் பிழையா என்று தேடுவான். பெரியோரும் அவ்வாறே தேட வேண்டும். ஆனால் இளைஞன் களிமண் அல்லன். அவனுக்கு அறிவும் விருப்பமும் உண்டு. வார்த்தவர் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்க அவனுக்கு உரிமையில்லை. கையிலுள்ள போனில் உலகத்து நூல்நிலையங்களெல்லாம் திறந்து கிடக்கும்போது, தெரியாது என்பதை அவன் என்றைக்கும் சாக்காகச் சொல்ல முடியாது. எடுத்த வேலையை முடிப்பது, சொன்ன நேரத்துக்கு வருவது, தன்னிலும் எளியவனிடம் இன்சொல் பேசுவது ஆகியவற்றுக்கு எந்தச் சர்க்கார் திட்டமும் தேவையில்லை.

செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். எட்டாம் வகுப்பைத் தாண்டும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சரளமாக வாசிக்கவும் கணக்குப் போடவும் தெரிகிறதா என்பதை ஊரறியச் சோதித்து, தெரியாதவனுக்குத் தண்டனையின்றித் தனிவகுப்பு வைக்க வேண்டும். விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கச் சர்க்காரின் கல்வி நிலையமே இருக்கிறது. அதற்கும் அவ்வூர்ப் பட்டறைகளுக்கும் பள்ளிகளுக்கும் இடையே, எல்லா ஜாதிப் பிள்ளைகளும் போய்வரும் பாதை ஒன்று வேண்டும். பயிற்சிக் காலத்துக்குக் கூலியும், தேர்ந்தவனுக்கு எழுத்துமூலமான வேலையுறுதியும் வேண்டும். இவற்றுக்காக நகரசபையையும் சட்டசபை அங்கத்தினரையும் நெருக்குவது ஊழியர்களின் வேலை. ஒரு மாநாட்டுப் பந்தலுக்குச் செலவிடும் சுறுசுறுப்பில் பாதியை இதற்குச் செலவிட்டால் போதும்.

குறை யாருடையது என்று கேட்டோம். பெரும்பங்கு நம்முடையது என்பதே நமது அபிப்பிராயம். அதை ஒப்புக்கொண்ட பின்னரே இளைஞரிடம் அவர்கள் பங்கைக் கேட்கும் யோக்கியதை நமக்கு உண்டாகும்.