தோவாளை மாணிக்கமாலை சொல்லும் கணக்கு

மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பூ விவசாயிகள் எல்லோரும் மகிழ்ந்தோம். 2025-ல் கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளை மாணிக்கமாலைக்கும் அதே குறியீடு கிடைத்தது. செய்தியைப் படித்துவிட்டு நகர்ந்துவிட்டோம். ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு வித்தியாசம் இருக்கிறது. முதல் குறியீடு வயலில் விளைந்த பூவுக்கு. இரண்டாவது, விளைந்த பூவைக் கட்டும் கைக்கு.

மாணிக்கமாலையைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். சிவப்பு அரளி, வெள்ளை அரளி, பச்சை நொச்சி இலை, மூலப்பொருள் இவ்வளவுதான். இவற்றை மடித்து, நாரில் வரிசை பிசகாமல் கட்டினால், பாய் பின்னியதுபோலத் தட்டையான மாலை வருகிறது. தள்ளி நின்று பார்த்தால் சிவப்புக் கல் பதித்த நகைபோல இருக்கும். அதில் மல்லிகை இல்லை, ரோஜா இல்லை. சந்தையில் மலிவாகப் போகும் பூக்களில் ஒன்றான அரளிதான் இருக்கிறது. சேலம் பனமரத்துப்பட்டியில் அரளி மொட்டைப் பறித்து மூட்டை கட்டி அனுப்பும் விவசாயியிடமும், தோவாளையில் உட்கார்ந்து மாலை கட்டும் குடும்பத்திடமும் இருப்பது ஒரே பூதான். ஒருவர் கிலோவுக்கு என்ன விலை என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார். மற்றவரிடம் வருகிறவர் ஒரு மாலைக்கு என்ன விலை என்று கேட்கிறார்.

கிலோ விலையை நம்பி நிற்பது எப்படி இருக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மார்கழி, தை பனியில் மல்லிகைச் செடி மொட்டு வைக்காது. அப்போது கிலோ ஆயிரக்கணக்கில் ஏறும். பங்குனி, சித்திரையில் செடி நிறையப் பூக்கும். அப்போது விலை சில நூறுகளுக்கு இறங்கிவிடும். விலை இருக்கும்போது பூ இல்லை, பூ இருக்கும்போது விலை இல்லை. செண்டுமல்லியின் பாடு இன்னும் மோசம். பண்டிகை முடிந்த மறுநாள் பறிப்புக் கூலிக்குக்கூட விலை கட்டாமல், மூட்டையோடு சாலையோரம் கொட்டிவிட்டுப் போவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம்.

இதில் ஓணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அத்தப்பூக்களத்துக்கான செண்டுமல்லியும் வாடாமல்லியும் தோவாளை, திண்டுக்கல், ஓசூர் பக்கங்களில் இருந்து கேரளத்துக்குப் போவது நமக்கு உறுதியான வியாபாரமாக இருந்தது. கடந்த சில ஆண்டுகளாகக் கேரளத்தில் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களே ஓணத்துக்காகச் செண்டுமல்லி பயிரிடுகின்றன. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தன் ஊர்த் தேவைக்குத் தன் ஊரிலேயே விளைவிக்கிறார்கள். ஆனால் வெறும் உதிரிப்பூவை யார் வேண்டுமானாலும் விளைவிக்கலாம் என்பதை இது நமக்குக் காட்டிவிட்டது. மாணிக்கமாலை கட்ட அவ்வளவு சுலபமாக யாரும் கற்றுக்கொண்டுவிட முடியாது.

இன்றைக்குப் பூவுக்கான பணம் எங்கே செலவாகிறது என்று பாருங்கள். நடுத்தரக் குடும்பத்துக் கல்யாணத்தில்கூட மணமேடைப் பின்னணி, வாசல் வளைவு, மணப்பெண்ணின் பூ ஜடை, நலங்குக்குப் பூவிலேயே செய்த நெற்றிச்சுட்டி, தோடு, வளையல் என்று பட்டியல் நீண்டுவிட்டது. இதையெல்லாம் செய்கிறவர் சந்தைக்கு வந்து முதலில் விலையைக் கேட்பதில்லை. எந்தத் தேதிக்கு, எந்த நிறத்தில், எவ்வளவு நீளத்தில் கிடைக்கும் என்றுதான் கேட்கிறார். பதில் சொல்ல நம்மிடம் ஆள் இல்லாததால் அவர் பெங்களூருக்குப் போன் போடுகிறார், இல்லையென்றால் பிளாஸ்டிக் பூவை வாடகைக்கு எடுக்கிறார்.

சரி, வயலில் என்ன மாற்ற வேண்டும்? சம்பங்கியை எடுத்துக்கொள்வோம், அதுதான் தொடங்குவதற்கு வசதியானது. நம் ஊரில் சம்பங்கி என்றால் பூவைத் தனித்தனியாகப் பறித்துக் கிலோவுக்கு விற்பதுதான் வழக்கம். மாலைக்கு ஒற்றை அடுக்குப் பூ போதும். மேடைக்கும் பூங்கொத்துக்கும் தண்டோடு வேண்டும்; அதற்கு இரட்டை அடுக்கு ரகங்கள் எடுப்பாக இருக்கும். பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்களில் சுவாசினி, வைபவ் இரட்டை அடுக்கு வகை. பிரஜ்வல் ஒற்றை அடுக்கு. ஆனால் பூ பெரிதாக இருப்பதால் உதிரியாகவும் விற்கலாம், தண்டாகவும் விற்கலாம். புதிதாக நடுகிறவர்களுக்கு நான் பிரஜ்வலைத்தான் சொல்வேன். தண்டுக்கு ஆர்டர் வந்தால் தண்டு, வராவிட்டால் வழக்கம்போல உதிரி. நஷ்டப்பட வழி குறைவு.

தண்டாக விற்பதற்குச் சில பழக்கங்களை மாற்றிக்கொள்ள வேண்டும். கீழ்ப்பூ ஒன்றிரண்டு விரியும்போதே அறுக்க வேண்டும். முழுக்க விரிந்த பிறகு அறுத்தால் மேடையில் வைக்கும் நேரத்தில் கீழே உதிரும். வெயில் ஏறுமுன் அறுத்து, அடித்தண்டு உடனே சுத்தமான தண்ணீர் வாளிக்குள் போக வேண்டும். சாக்கில் சுற்றிப் பேருந்தின் மேல் ஏற்றினால் அது தண்டு அல்ல, வெறும் தழை. வளைந்த தண்டு, இலைப்பேன் சுரண்டிய பூ ஆகியவற்றை நாமே தனியாகப் பிரித்து உதிரிக்குத் தள்ளிவிட வேண்டும். கமிஷன் கடையில் நல்லதும் கெட்டதும் கலந்து ஒரே விலைக்குப் போய்விடும். அலங்காரம் செய்கிறவரிடம் அது நடக்காது. முதல் முறை கலந்து அனுப்பினால் இரண்டாவது ஆர்டர் வராது.

அடுத்தது தேதி. கல்யாண முகூர்த்த நாட்கள் பஞ்சாங்கத்தில் ஓராண்டுக்கு முன்பே இருக்கின்றன. இவ்வளவு தெளிவாக முன்கூட்டியே தேவை தெரிகிற பயிர் வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. செண்டுமல்லி நாற்று நட்டுச் சுமார் இரண்டு மாதத்தில் பூப்பறிப்புக்கு வரும். முகூர்த்தம் நெருக்கமாக வரும் வாரத்தில் இருந்து பின்னோக்கி எண்ணி, வயலை மூன்றாகப் பிரித்து, பத்துப் பன்னிரண்டு நாள் இடைவெளியில் நட்டால் ஒரே நாளில் எல்லாம் குவியாது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. அப்போது கோயில்தான் வாங்குபவர். அந்த மாதங்களில் பெரிய அறுவடை வரும்படி நட்டுவிட்டு விலை இல்லை என்று சொன்னால், குற்றம் சந்தையுடையது மட்டும் அல்ல.

மல்லிகைக்காரர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1 நட்சத்திர மல்லிகை, மற்ற மல்லிகைகள் ஓய்வெடுக்கும் பனிக்காலத்திலும் பூக்கிறது. வாசனை மென்மையானது, மதுரை மல்லிக்கு ஈடாகாது. ஆனால் மொட்டு நீளமாக இருக்கிறது, சீக்கிரம் விரிந்துவிடுவதில்லை. சரம் தொடுப்பதற்கும் ஜடை தைப்பதற்கும் வேண்டியது அதுதான்.

பூவோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். மேடை அலங்காரத்தில் கண்ணுக்குத் தெரிவது பூ; இடத்தை நிரப்புவது தழை. பாக்கு ஓலை, நெட்டிலிங்க இலை, மாவிலை, மரிக்கொழுந்து என எல்லாவற்றுக்கும் வாங்க ஆள் உண்டு. குருத்தோலைத் தோரணத்துக்கும் நல்ல கேட்பு இருக்கிறது. ஆனால் காய்க்கிற தென்னையின் குருத்தை வெட்டிவிடாதீர்கள், மரம் பாழாகிவிடும். காற்றில் சாய்ந்த மரம், எப்படியும் எடுக்கப்போகிற மரம் என்று பார்த்து வெட்டுங்கள். பூவைச் செருகி வைக்க இப்போது பச்சை நிற ஸ்பாஞ்சுக் கட்டியைப் பயன்படுத்துகிறார்கள். அது மண்ணில் மக்காது. நம் கோயில் சப்பரங்களில் அந்த வேலையை வாழைத்தண்டு செய்துவந்திருக்கிறது. ஈரமும் பிடித்து வைக்கும், குச்சியும் நிற்கும். தார் வெட்டியபின் நீங்கள் வயலோரம் தூக்கிப் போடும் மரம்தான் அது. ஒரு முழ நீளத் துண்டுகளாக நறுக்கிக் கொடுத்துப் பாருங்கள்.

இனி இதன் இருண்ட பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கமிஷன் மண்டியில் விலை குறைவாக இருந்தாலும் பணம் கைக்கு வந்துவிடும். அலங்காரத் தொழிலில் கல்யாண வீட்டார் கடைசியில் கொடுப்பார்கள். அலங்காரக்காரர் அதற்குப் பிறகு உங்களுக்குக் கொடுப்பார். பல நேரம் அடுத்த ஆர்டர் வரும்போதுதான் பழைய பாக்கி வரும். எனவே பாதிப் பணம் முன்பணமாக வராமல் தண்டை அறுக்காதீர்கள். விளைச்சல் முழுவதையும் ஒரே ஆளுக்கு என்று வைத்துக்கொள்ளாதீர்கள். மூன்றில் ஒரு பங்கில் தொடங்கி, மீதி வழக்கம்போல மண்டிக்குப் போகட்டும். ஜெர்பராவும் கார்னேஷனும் பார்த்து ஆசைப்பட்டு, கடன் வாங்கிப் பசுமைக்குடில் போடுவதற்கு முன், கிருஷ்ணகிரி மாவட்டம் தளியில் உள்ள இந்திய-இஸ்ரேல் கொய்மலர் மகத்துவ மையத்துக்கு ஒரு முறை போய் வாருங்கள். அந்தக் குளிர்ந்த காற்று நம் ஊரில் இருக்கிறதா என்று யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

கட்டும் கூலியைப் பற்றியும் பேசியாக வேண்டும். மாலையின் மதிப்பு கையில் இருக்கிறது என்றோம். அந்தக் கை பெரும்பாலும் பெண்களுடையது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கிலோக் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள். அந்த வருமானம் கட்டுப்படியாகாவிட்டால் பிள்ளைகள் அந்த வேலைக்கு வரமாட்டார்கள். புவிசார் குறியீடு தானாகக் கூலியை உயர்த்தாது. அது பெயரைத்தான் காக்கும். அதுவும் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால். சட்டப்படி, கட்டுகிறவர் ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்துகொள்ளலாம். மதுரை மல்லி விவசாயிகளுக்கும் அதே வாய்ப்பு உண்டு. தோட்டக்கலை அலுவலர்களும் வேளாண் அறிவியல் நிலையத்தாரும் இந்தப் பதிவுக்கு விண்ணப்பம் எழுத ஒரு நாள் முகாம் போட்டால், பத்துக் கருத்தரங்கைவிடப் பயன் இருக்கும். நாற்றுக்கும் சொட்டுநீருக்கும் மானியம் கொடுக்கிறோம், நல்லது. நாலு பெண்களுக்குப் பூ ஜடை தைக்கக் கற்றுக்கொடுப்பதும் தோட்டக்கலை விரிவாக்கம்தான்.

பிளாஸ்டிக் பூவை என்ன செய்வது? மத்திய அரசு 2022 ஜூலை 1 முதல் தடை செய்த ஒருமுறை பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பட்டியலில் அலங்காரத்துக்கான தெர்மாகோல் இருந்தது, பிளாஸ்டிக் பூ இல்லை. தமிழ்நாடு அரசு 2019-ல் கொண்டுவந்த தடையிலும் அது இடம்பெறவில்லை. பல முறை பயன்படுகிறதே என்பது மண்டபக்காரர்களின் வாதம். தடை கேட்டு மனு கொடுப்பது சரியானதுதான், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் தடை வந்த மறுநாள் ஒரே நிறத்தில் ஐந்நூறு சம்பங்கித் தண்டு கொடுங்கள் என்று மண்டபக்காரர் கேட்டால், உங்கள் ஒன்றியத்தில் யாரால் கொடுக்க முடியும்? நாலைந்து விவசாயிகள் சேர்ந்து, யார் எந்த வாரம் அறுப்பது என்று முறை வைத்துக்கொண்டால்தான் அது நடக்கும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் பெரும்பாலும் உரமும் விதையும் விற்பதோடு நிற்கின்றன. பூ வட்டாரங்களில் அவை கையில் எடுக்க வேண்டிய வேலை இது.

விற்காமல் மிஞ்சுவதற்கும் இடம் உண்டு. தூத்துக்குடியில் இருந்து உலர்மலர் ஏற்றுமதி பல ஆண்டுகளாக நடக்கிறது. வாடாமல்லி, கோழிக்கொண்டை, தாமரைக்காய் போன்றவை காய்ந்தாலும் உருக்குலையாதவை. நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் காயவைத்தால் வீட்டிலேயே செய்யலாம். விலை சரியும் வாரத்தில் சாலையில் கொட்டுவதற்குப் பதில் கொட்டகையில் தொங்கவிடுவது மேல். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மலரியல் துறையில் உலர்மலர் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அதற்கெல்லாம் முன்பு வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். இன்று பறித்ததில் கால் கிலோவைத் தனியே எடுத்து வையுங்கள். வீட்டில் தொடுக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து, எத்தனை முழம் வருகிறது, எத்தனை மணி நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் பேருந்து நிலையத்தில் முழம் என்ன விலைக்குப் போகிறது என்று விசாரியுங்கள். தொடுத்தவருக்கு நியாயமான கூலியைக் கழித்துவிட்டு, மீதியைக் காலையில் மண்டி கொடுத்த விலையோடு ஒப்பிடுங்கள். ஒரு முகூர்த்த நாளில் ஒருமுறை, சாதாரண நாளில் ஒருமுறை என்று இரண்டு தடவை எழுதி வையுங்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் ஊர் மேடை அலங்காரக்காரரிடம் போய்ப் பேசுங்கள்.