திரைச்சீலைக்கு இருபுறமும்

தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு இடைநில்லாமல் செல்லும் விமானம் ஏறத்தாழ 16 மணி நேரம் வானில் இருக்கிறது. அப்பயணத்தில் முதன்முறையாக பிசினஸ் வகுப்பில் அமரும் வாய்ப்பைப் பெற்ற ஒரு மென்பொருள் ஊழியரை எண்ணிப் பார்க்கலாம். பல ஆண்டுகள் பின்பகுதியில் முழங்கால் இடிக்க அமர்ந்து சென்றவர் அவர். சேர்த்து வைத்த பயணப் புள்ளிகளின் தயவிலோ, நிறுவனத்தின் செலவிலோ இம்முறை முன்பகுதிக்கு வந்திருக்கிறார். விமானம் புறப்படும் முன்பே பெயர் சொல்லி அழைத்து, குடிக்க என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். உணவு பீங்கான் தட்டில் வருகிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் இருக்கை ஆறடிக்கும் மேல் நீளும் படுக்கையாக விரிகிறது. அவர் கால்களை நீட்டிப் படுத்து உறங்குகிறார். இறங்கும்போது இடுப்பு வலிக்கவில்லை, கால் வீங்கவில்லை. பின்னர் நண்பர்களிடம் அவர் வியந்து சொல்வது உணவைப் பற்றியோ பானத்தைப் பற்றியோ அல்ல, நன்றாகத் தூங்கியதைப் பற்றித்தான்.

அவருடைய மகிழ்ச்சியில் குற்றம் காண ஏதுமில்லை. ஆனால் அவருக்குக் கிடைத்தவை எவை என்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். கால் நீட்ட இடம், படுத்துறங்க ஒரு பலகை அளவு பரப்பு, மரியாதையான பேச்சு. இவை ஆடம்பரங்கள் அல்ல; மனித உடலின், மனித மாண்பின் அடிப்படைத் தேவைகள். அடிப்படைத் தேவை ஒன்று கிடைத்ததற்காக ஒரு படித்த உழைப்பாளி வியப்படைகிறார் என்றால், அது எவ்வாறு அரிய பொருளாக ஆக்கப்பட்டது என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

விமானத்தில் இந்த வகுப்புப் பிரிவினை இயற்கையாகத் தோன்றியதல்ல. அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்கும் விமானங்களில் 1952ஆம் ஆண்டு குறைந்த கட்டணச் சுற்றுலா வகுப்பு அறிமுகமானது. 1958ஆம் ஆண்டு எகானமி வகுப்பு வந்தது. 1970களின் இறுதியில், முழுக் கட்டணம் செலுத்திய வணிகப் பயணிகள், சலுகைக் கட்டணத்தில் வந்தவர்களுடன் சேர்ந்து அமர வேண்டியிருப்பதாகக் குறைபட்டுக்கொண்டனர். அவர்களைத் தனியே பிரித்து அமர வைக்க உருவானதுதான் பிசினஸ் வகுப்பு. பிசினஸ் வகுப்பிலேயே முழுமையாகப் படுக்கையாக விரியும் இருக்கையை 2000ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஏர்வேஸ் கொண்டுவந்தது. பிற நிறுவனங்கள் பின்தொடர்ந்தன.

முன்பகுதி இவ்வாறு விரிந்துகொண்டே சென்ற காலத்தில் பின்பகுதி சுருங்கியது. அமெரிக்க விமானங்களில் ஒரு காலத்தில் சராசரியாக 35 அங்குலமாக இருந்த இருக்கை வரிசைகளுக்கு இடையிலான தூரம், 31 அங்குலமாகக் குறைந்துவிட்டது. இது குறித்த வழக்கில் 2017ஆம் ஆண்டு அந்நாட்டின் மேல்முறையீட்டு நீதிமன்றம், பயணிகளின் புகாரை மீண்டும் பரிசீலிக்குமாறு விமானப் போக்குவரத்து நிர்வாகத்திற்கு உத்தரவிட வேண்டிய நிலை ஏற்பட்டது. இந்தியாவின் அனுபவமும் வேறல்ல. ஏர் இந்தியா நீண்ட தூரத் தடங்களில் பல ஆண்டுகள் இயக்கிய போயிங் 777 விமானம் ஒன்றில் முன்பகுதியில் 39 இருக்கைகள், பின்பகுதியில் 303. வளைகுடாவில் விமானம் மாறி ஐரோப்பாவுக்குச் செல்லும் செவிலியரும், பேரக்குழந்தையைப் பார்க்க அமெரிக்கா செல்லும் முதியோரும், படிப்புக்காகக் கடன் வாங்கிப் புறப்படும் மாணவரும் இந்த 303 பேரில்தான் இருக்கிறார்கள். நான்கு மணி நேரத்திற்கு மேல் அசையாமல் அமர்ந்து பயணம் செய்தால் இரத்தநாளங்களில் உறைகட்டி ஏற்படும் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார அமைப்பு 2007ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது. தனிநபருக்கு அந்த ஆபத்து சிறியதே என்றாலும், எழுந்து நடக்கவும் கால் நீட்டவும் இடமில்லாத இருக்கையில் வயதானவர்களை 16 மணி நேரம் அமர்த்தி வைப்பதை வசதிக் குறைவு என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது.

முன்பகுதியினர் தரும் அதிகக் கட்டணத்தால்தான் பின்பகுதிக் கட்டணம் குறைவாக இருக்கிறது என்பது விமான நிறுவனங்களின் வாதம். இதில் பாதி உண்மை இருக்கிறது. நீண்ட தூரப் பயணங்களில் நிறுவனங்களின் வருவாயில் கணிசமான பங்கு அந்தச் சில இருக்கைகளிலிருந்தே வருகிறது. ஆனால் மீதிப் பாதியை அவர்கள் சொல்வதில்லை. அதை 1849ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சுப் பொறியாளர் ஜூல் துப்புய் சொல்லிவிட்டார். அக்கால ரயில்களின் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளுக்குக் கூரை இல்லாததற்கும், பலகை இருக்கைகள் இருந்ததற்கும் காரணம் செலவு அல்ல என்று அவர் விளக்கினார். ஏழைகளைத் துன்புறுத்துவதும் நிறுவனத்தின் நோக்கமல்ல. இரண்டாம் வகுப்புக்குப் பணம் தரக்கூடியவர்கள் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடாமல் தடுப்பதே நோக்கம். அதாவது, பின்பகுதியின் துன்பம் முன்பகுதியை விற்பதற்கான விளம்பரம். பின்னால் அமர்பவர் ஓரளவு நிம்மதியாக உறங்கிவிட்டால், முன்னால் பல மடங்கு விலை கொடுத்து உறக்கத்தை வாங்க யார் வருவார்கள்? இன்றைய விமான நிறுவனங்கள் கால் நீட்ட இடமுள்ள இருக்கைக்குத் தனிக் கட்டணம், சன்னலோர இருக்கைக்குத் தனிக் கட்டணம் என்று வசூலிப்பது இந்தத் தத்துவத்தின் தொடர்ச்சியே.

முன்பகுதியின் விலையை உண்மையில் யார் கொடுக்கிறார்கள் என்பதும் ஆராயத்தக்கது. 2025 செப்டம்பர் 22 முதல் எகானமி வகுப்புப் பயணச்சீட்டுக்கு 5 சதவீதமும் மேல் வகுப்புகளுக்கு 18 சதவீதமும் ஜிஎஸ்டி விதிக்கப்படுகிறது. பார்த்த மாத்திரத்தில் நியாயமான ஏற்பாடாகத் தோன்றும். ஆனால் வணிகப் பயணத்திற்காகச் சீட்டு வாங்கும் நிறுவனம், செலுத்திய வரியை உள்ளீட்டு வரி வரவாகத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். சீட்டின் விலையையும் வணிகச் செலவாகக் காட்டி, வருமான வரிக்கு உட்படும் லாபத்தைக் குறைத்துக்கொள்ளலாம். சேமிப்பிலிருந்தோ கடனிலிருந்தோ சீட்டு வாங்கும் தொழிலாளிக்கு இவ்விரு வழிகளும் இல்லை. அவர் செலுத்தும் 5 சதவீதம் சென்றது சென்றதுதான். சுற்றுச்சூழல் கணக்கும் இப்படியே இருக்கிறது. பிசினஸ் வகுப்புப் பயணி ஒருவரின் கார்பன் உமிழ்வு, எகானமி வகுப்புப் பயணியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2013ஆம் ஆண்டு உலக வங்கியின் ஆய்வு கணக்கிட்டது. அதன் விளைவுகளைச் சுமப்போரில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறைகூட விமானம் ஏறாதவர்கள்.

1953இல் நாட்டுடைமையாக்கப்பட்ட ஏர் இந்தியா, 2022 ஜனவரி 27 அன்று டாடா குழுமத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஏலத் தொகை 18,000 கோடி ரூபாய். அதில் 15,300 கோடி கடனாக ஏற்கப்பட்டது. அரசுக்கு ரொக்கமாகக் கிடைத்தது 2,700 கோடி மட்டுமே. மீதமிருந்த 46,000 கோடிக்கும் மேற்பட்ட கடன் அரசு நிறுவனம் ஒன்றின் தலையில் கட்டப்பட்டது. கடன் மக்களுக்கு, விமானங்கள் தனியாருக்கு. இனி எந்தத் தடத்தில் எத்தனை இருக்கை, எத்தனை படுக்கை என்பதை லாபமே தீர்மானிக்கும். நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்பி அதற்குப் பதில் பெறும் வாய்ப்பும் அந்த விற்பனையுடன் சேர்ந்தே சென்றுவிட்டது.

திரைச்சீலையின் இருபுறமும் வேலை செய்பவர்களின் உறக்கம் இதைவிட முக்கியமான பிரச்சனை. சோர்வைத் தடுக்கும் நோக்கில் விமானிகளின் வாராந்திர ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்த்தியும், இரவு நேரத் தரையிறக்கங்களைக் கட்டுப்படுத்தியும் கொண்டுவரப்பட்ட விதிகள், பல தள்ளிவைப்புகளுக்குப் பிறகு 2025இல் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. அதற்கேற்பப் போதிய ஆட்களை ஏற்பாடு செய்யாத இண்டிகோ நிறுவனம், டிசம்பர் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. பயணிகள் விமான நிலையங்களின் தரையில் படுத்துக் கிடந்தனர். ஒன்றிய அரசின் ஒழுங்குமுறை அமைப்பு செய்தது என்ன? நிறுவனத்திற்கு இரவுப் பணி விதிகளிலிருந்து தற்காலிக விலக்கு அளித்தது. ‘மூலதனம்’ முதல் தொகுதியில் வேலைநாள் பற்றிய இயலில், ரயில் விபத்துக்காக லண்டனில் விசாரணைக்கு நிறுத்தப்பட்ட தொழிலாளர்களைப் பற்றி மார்க்ஸ் எழுதியிருக்கிறார். நெருக்கடிக் காலங்களில் 40, 50 மணி நேரம் இடைவிடாமல் வேலை வாங்கப்பட்டவர்கள் அவர்கள். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னும் உழைப்பவரின் உறக்கம் நிறுவனத்தின் கணக்கில் செலவாகவே எழுதப்படுகிறது. பணமுள்ளவரின் உறக்கம் வருவாயாக எழுதப்படுகிறது.

இதற்குத் தீர்வு என்ன? எளிமை நாடகம் தீர்வல்ல. 2009 செப்டம்பரில் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசு சிக்கன நடவடிக்கை அறிவித்தபோது, ஆளுங்கட்சித் தலைவர்கள் எகானமி வகுப்பில் பயணம் செய்து காட்டினர். அன்றைய வெளியுறவுத் துறை இணை அமைச்சர் சசி தரூர், எகானமி வகுப்பைக் ‘கால்நடை வகுப்பு’ என்று கேலியாகக் குறிப்பிட்டது பெரும் சர்ச்சையானது. சர்ச்சை முழுவதும் அவர் சொன்ன சொல்லைப் பற்றியே நடந்தது. அந்தச் சொல் பொருந்தும் அளவுக்குப் பயணிகள் ஏன் அடைக்கப்படுகிறார்கள் என்று எவரும் கேட்கவில்லை. தலைவர்கள் ஒரு நாள் பின்பகுதியில் அமர்ந்ததால் இருக்கை ஓர் அங்குலமும் நகரவில்லை.

மாற்று உதாரணம் இந்திய ரயில்வேயில் இருக்கிறது. மூன்றாம் வகுப்பு 1974இல் நீக்கப்பட்டது என்றாலும், இரண்டாம் வகுப்பாகப் பெயர் மாறிய பெட்டிகளில் இரவுப் பயணிகள் வெறும் மரப்பலகையில்தான் படுத்தனர். 1977இல் ரயில்வே அமைச்சரான சோசலிஸ்ட் தலைவர் மது தண்டவதே, அப்பலகைகளின் மீது இரண்டு அங்குல நுரைமெத்தை போடும் பணியைத் தொடங்கினார். முதல் வகுப்பைத் தாழ்த்துவது நோக்கமல்ல, இரண்டாம் வகுப்பை உயர்த்துவதே நோக்கம் என்பது அவர் நிலை. அந்த மெத்தை படிப்படியாக நாட்டின் எல்லா ரயில்களுக்கும் பரவியது. இன்று அது யாருடைய சலுகையும் அல்ல. துப்புய் விளக்கிய தர்க்கத்தை ஒரு பொதுத்துறை நிறுவனத்தால் உடைக்க முடியும் என்பதற்கு அந்த இரண்டு அங்குலமே சான்று. பொதுப் பெட்டிகளில் நிற்க இடமில்லாத போது வந்தே பாரத் ரயில்களுக்குக் கொடி அசைப்பதும், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகையை மீண்டும் தர மறுப்பதும் அந்தப் பாதையிலிருந்து திரும்பி நடப்பதாகும்.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. நீண்ட தூர விமானங்களில் எகானமி இருக்கைக்குக் குறைந்தபட்ச இடைவெளியையும் அகலத்தையும் சட்டப்படி நிர்ணயிக்க வேண்டும். விமானிகள், விமானப் பணியாளர்களின் ஓய்வு விதிகளில் எந்த நிறுவனத்திற்கும் விலக்கு அளிக்கக் கூடாது. மேல் வகுப்புப் பயணங்களுக்கான உள்ளீட்டு வரி வரவு நீக்கப்பட வேண்டும். விமானப் போக்குவரத்தில் பொதுத்துறை மீண்டும் இடம்பெற வேண்டும்.

முதன்முறையாகப் படுத்துறங்கி வந்த அந்த ஊழியர், அடுத்த பயணத்தில் பெரும்பாலும் பழைய இருக்கைக்கே திரும்புவார். ஒருமுறை கிடைத்ததை எண்ணி ஏங்குவதா, அது எல்லோருக்கும் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்பதா என்பது அப்போது அவர் முன் நிற்கும். அந்தக் கேள்வியை அவரிடமும், அவரைப் போன்ற பல லட்சம் ஊழியர்களிடமும் கொண்டுசெல்வது இடதுசாரி இயக்கத்தின் வேலை.